மாஸ்டர் அடித்த இடங்கள்

நவம்பர் 4, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். ஐம்பத்து நான்கு வயதில், ஒரு பேண்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, எழுந்து நிற்கக்கூட முடியாத ஒரு கிழவரிடம் இன்று அடி வாங்கினேன். அதுகூடப் பரவாயில்லை. அடி விழுந்ததும் என் வாயிலிருந்து வந்த வார்த்தை: "தேங்க்ஸ் மாஸ்டர்."

யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய ஆட்கள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

அடித்தவர் அந்தோணி தல்மெய்தா மாஸ்டர். தூத்துக்குடியிலிருந்து ஒரு டிரம்பெட்டோடு மதராசுக்கு ரயிலேறியவர். மவுண்ட் ரோடு ஹோட்டல் ஒன்றில் ஜாஸ் பேண்டு நடத்தினார். ஆட்டம் நின்றுபோய் ஹோட்டல்காரர்கள் கஜலுக்கு மாறியதும் கோடம்பாக்கத்தில் அரேஞ்சர் ஆனார். அரேஞ்சர் என்றால் என்ன உத்தியோகம் என்று என் மாமியார் சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டை முனகிவிட்டுக் காரேறிப் போய்விடுவார். அம்மணமாகக் கிடக்கும் அந்த மெட்டுக்குச் சட்டை, பேண்ட், ஷூ, தொப்பி எல்லாம் தைத்து, நாற்பது பேர் வாசிக்கும்படி எழுதிக் கொடுப்பவர்தான் அரேஞ்சர். படத்தில் பெயர் வராது. சென்னையில் இன்றைக்கும் எந்தப் பிணம் பேண்டு வாத்தியத்தோடு புறப்பட்டாலும் முதலில் அலறும் அந்த டிரம்பெட் துணுக்கு மாஸ்டர் எழுதியது. கல்யாண ஊர்வலத்துக்கும் அதேதான், கொஞ்சம் வேகமாக. வாசிப்பவனுக்கும் தெரியாது, செத்தவனுக்கும் தெரியாது.

அவர் தனக்காக, தன் பெயரில் எழுதியது ஒன்றே ஒன்று. 'உப்பளம்' என்று மூன்று பகுதி ஜாஸ். நாங்கள் மீசை முளைக்காத வயதில் அதை மாதக்கணக்கில் ரிகர்சல் செய்தோம். மேடையேற வேண்டிய அன்று காலை, நாற்காலிகளை வரிசை மாற்றிப் போட்டதற்காக, கச்சேரி நடக்கவிருந்த ஹோட்டலின் மேனேஜர் தாடையை மாஸ்டர் பெயர்த்தார். கச்சேரி நின்றது. உப்பளம் டிரங்குப் பெட்டிக்குள் போனது.

வருகிற 29ஆம் தேதி எழும்பூரில் அதை வாசிக்கப் போகிறோம். மாஸ்டர் உயிரோடு இருக்கும்போதே, அவர் எதிரிலேயே, அவர் நினைத்தபடியே. இதில் ஒன்று தவறினாலும் இத்தனை வருஷம் அவரிடம் அடி வாங்கியதற்கு அர்த்தமே இல்லை.

அவருக்குப் பக்கவாதம். வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. இடக்கை மட்டும் மிச்சம். அதில் ஒரு கருங்காலித் தடி. இன்று ரிகர்சல் துவக்க நாள் என்று பெரம்பூர் பாரிஷ் ஹாலுக்குச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தோம். நான் சாக்ஸபோனில் இரண்டு வரி வாசித்துவிட்டு ஆசீர்வாதம் வாங்கக் குனிந்தேன். தோள்பட்டையில் இறங்கியது.

வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். நான் சுருதி இறங்கித்தான் வாசித்திருந்தேன்.

நவம்பர் 5, புதன்

கை தூக்க முடியவில்லை. என் மனைவி மேபல் தேங்காயெண்ணெய் காய்ச்சித் தடவியபடி, "நல்லா அடிச்சிருக்காரு" என்றாள். பாராட்டு யாருக்கு என்று கேட்கவில்லை.

நவம்பர் 8, சனி

முதல் முழு ரிகர்சல். பன்றிகளை வெட்டுகிற இடத்தில்கூட இதைவிட இசைவு இருக்கும்.

குற்றம் எங்களுடையதல்ல. மாஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. கோடம்பாக்கத்தில் நோட்ஸ் தாள் களவுபோவது சகஜம். இன்று ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் வாசித்தது நாளை அடுத்த தியேட்டரில் வேறொருவர் பாட்டில் இருக்கும். அதனால் மாஸ்டர் ஒவ்வொரு தாளிலும் நாலைந்து இடத்தில் வேண்டுமென்றே தப்பு நோட் எழுதி வைப்பார். திருடியவன் வாசித்தால் நாறும். அவற்றுக்கு எங்களிடையே கள்ள நோட்டு என்றே பெயர். சரியானது எது என்று ரிகர்சலில் சொல்லித் தருவார். சொல்லித் தருவார் என்பது மரியாதைக்கு எழுதியது. நோட்ஸைப் பார்த்து அப்படியே வாசிப்போம், அடி விழும், விழுந்த இடத்தில் மாற்றி வாசிப்போம். தாளில் திருத்தக் கூடாது. பென்சிலைக் கையில் பார்த்தால் அதற்குத் தனி அடி.

ஆக, டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த உப்பளம் முழுக்கக் கள்ள நோட்டு. நிஜ உப்பளம் எங்கள் உடம்பில்தான் இருக்கிறது.

டிரம்பெட் தணிகாசலம், ஸ்டேஷனிலும் போலீஸ் பேண்டிலும் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்றவர், முதல் பகுதியில் வாசிப்பை நிறுத்தி வாயைத் திறந்து காட்டினார். "இந்த எடத்துல எனக்கு கடவாப்பல்லு பூட்ச்சி சார். பல்லு போன எடம் சி ஷார்ப். தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்."

என் இடது காதுமடலில் இருக்கும் தழும்பு இரண்டாம் பகுதியின் ஆரம்பம். அப்போது பறந்து வந்தது, சத்தத்தை அடக்க டிரம்பெட் வாயில் செருகும் பித்தளை மியூட். பியானோக்காரர் இரண்டு விரலை மடக்க முடியாமல் நீட்டிக் காட்டினார். மாஸ்டர் பியானோ மூடியை அறைந்து சாத்திய இடம், ஏ ஃப்ளாட். இப்படி ஒவ்வொருவரும் சட்டையைத் தூக்கவும் பேண்ட்டை மடிக்கவுமாக, ஏதோ யுத்தகால ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. யாருக்கு அதிக தழும்பு என்பதில் ஒரு கெத்து. புதிதாகச் சேர்ந்த ஆட்கள் மிரண்டுபோய்ப் பார்த்தார்கள்.

ஆனால் செத்தவர்களும் துபாய் போனவர்களும் தங்கள் தழும்புகளையும் கொண்டுபோய்விட்டார்களே! அந்த இடங்களுக்கு எங்கே போவது? பியானோக்காரரும் தணிகாசலமும் ஒரு நோட்டுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மியூசிக் ஸ்டாண்டு வளைந்தது, பியானோக்காரரின் கண்ணாடி உடைந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தீர்ப்புச் சொல்ல ஆள் உயிரோடு இருக்கும்போது நாம் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்?

மாலையில் மாஸ்டரின் மகள் இம்மாகுலேட்டைப் பார்க்கப் போனேன். தினமும் மத்தியானம் அவரை ஹாலுக்கு அனுப்பி வை என்றேன். அவள் தயங்கினாள்.

"அண்ணே, அப்பாவுக்கு இப்போ எதுவும்..."

"எதுவும் குடுக்கக் கூடாதா? பிஸ்கட், டீ, அவ்வளவுதான். நான் பாத்துக்கறேன் இம்மா."

"அதில்லண்ணே, அவரு யாரு என்னன்னு பாக்காம..."

"அடிப்பாரு. தெரியும்மா. அதுக்குத்தானே கூப்பிடறோம்!"

அவளும் மனுஷிதானே. மத்தியானம் நாலு மணி நேரம் நிம்மதியாகக் கடைக்குப் போய் வேலை பார்க்கலாம். சரி என்றாள்.

நவம்பர் 11, செவ்வாய்

என் முறை அற்புதமாக வேலை செய்கிறது. பத்திரிகையில் நான் எழுதும் நகைச்சுவைப் பத்தியைப் படிக்கும் அந்த எண்ணூறு பேருக்கு நான் விஞ்ஞானி என்பது தெரியாது.

முறை இதுதான். மாஸ்டரை நடுவில் உட்கார வைப்பது. சந்தேகமான இடம் உள்ள ஆள் தடி எட்டும் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிப்பது. தடி விழுந்தால் நோட் தப்பு. அரை ஸ்வரம் மேலே ஏற்றிப் பார்ப்பது, அதற்கும் விழுந்தால் கீழே இறக்கிப் பார்ப்பது. விழாவிட்டால் அதுதான் உண்மை. நான் சிவப்புப் பேனாவால் தாளில் எழுதுகிறேன். மாஸ்டரின் நோட்ஸ் தாளில், மாஸ்டரின் எதிரிலேயே!

தணிகாசலம் பழைய சகாக்களிடம் கேட்டு, கலவரத்தின்போது போலீஸ்காரர்கள் காலில் கட்டுகிற தடுப்பை வாங்கி வந்து முழங்கைகளில் கட்டிக்கொண்டார். டிராம்போன் ஸ்டீபன் வாஸ் ஹெல்மெட்டோடு உட்கார்ந்தான். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு, இடுக்கு வழியாக டிராம்போனைச் செருகி வாசித்தான். வாஸ் என் நண்பன். கல்யாணமாகும்வரை ராயபுரத்தில் ஒரே அறை, ஒரே ஸ்டவ். என் கல்யாணத்தில் வாசித்தவன். எனக்குக் குழந்தை இல்லை என்று தன் பையனுக்கு என் பெயரை வைத்தவன். அவனும் மாஸ்டரின் ஊர்க்காரன்.

இன்று உத்தேசமாகப் பதினைந்து அடி. ஒரு நெற்றிக் காயம், ஒரு மூக்கு. எல்லோர் முகத்திலும் ஒரு ஒளி.

நவம்பர் 12, புதன்

மழை. மூக்கு பியானோக்காரருடையது. உடையவில்லையாம்.

நவம்பர் 13, வியாழன்

இரண்டாம் பகுதி முழுக்க மாஸ்டர் தடியைத் தூக்கவே இல்லை! கண் திறந்தபடியே இருந்தது. வாசித்து முடித்ததும் தணிகாசலம் அழுதுவிட்டார். முப்பது வருஷம் ஸ்டேஷனில் மற்றவர்களை அழ வைத்த மனிதர். "நல்லா வந்துட்ச்சின்னு அர்த்தம் சார். அவரு அடிக்கலன்னா அதான் பாராட்டு."

அவர் மாஸ்டரின் காலைத் தொடக் குனிந்தபோது முதுகில் ஒன்று விழுந்தது. அது ஆசீர்வாதம் என்று முடிவு செய்தோம்.

மாஸ்டரைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸம்மாவின் மணிக்கட்டிலும் கட்டு. அவருக்கு என்ன நோட் தப்பு என்று கேட்டு நான் அடித்த ஜோக்குக்கு எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ரசனை இல்லாதவர்.

நவம்பர் 16, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மூன்றாம் பகுதியில் சிக்கல்.

அதன் கடைசியில் டிராம்போனுக்கு ஒரு நீண்ட நோட் உண்டு. மற்ற எல்லோரும் அடங்கி ஒரே இடத்தில் நிற்க, டிராம்போன் மட்டும் மூச்சு முடியும்வரை பிடிக்கும். அதோடு உப்பளம் முடிகிறது. தாளில் பி நேச்சுரல் என்று இருக்கிறது. நாங்கள் நிற்கும் இடத்துக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. அரை ஸ்வரம் தள்ளி நின்று பல்லைக் கூச வைக்கிறது. அரை ஸ்வரம் இறக்கி பி ஃப்ளாட் வாசித்தால் தேன். குழந்தைக்குக்கூடத் தெரியும், அது கள்ள நோட்டு.

வாஸ் பி நேச்சுரல் வாசித்தான். தடி ஹெல்மெட்டில் இறங்கியது. ஹாலே எதிரொலித்தது.

"மாத்துடா" என்றேன்.

"இது மாத்துறதுக்கில்ல."

மறுபடி அதையே வாசித்தான். மறுபடி அடி.

"பி ஃப்ளாட் ஒரு தடவ வாசிச்சுக் காட்டேன், அவர் என்ன பண்றாருன்னு பாப்போம்."

வேண்டாவெறுப்பாக வாசித்தான். மாஸ்டர் தடியை மடியில் வைத்துவிட்டு, டீயில் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் திருப்தியை எப்படிக் காட்ட முடியும்?

வாஸ் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தான். "ஏல கிருபா, கேளு. மேனேஜர அடிச்ச அன்னிக்கு மாஸ்டர நான்தான் ரிக்‌ஷால ஏத்தி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். கை வீங்கிக் கெடக்கு. அழுறாவ. அப்ப சொன்னாவ. வாஸு, அந்தக் கடைசி நோட்டுல மட்டும் நான் பொய் வைக்கல, அது எரியணும், உப்பளத்துல வெறுங்கால்ல நிக்கிறவனுக்கு எரியுமே, அப்படி எரியணும்னு. அந்த ஒரு நோட்டுக்குத்தான் மத்தது எல்லாத்தையும் எழுதினாவளாம்."

"அதுக்கு அடி விழுந்துச்சா?"

"எதுக்கு?"

"அந்த நோட்டுக்கு. எங்க அடிச்சாரு? காட்டு."

"அடிக்கல. சொன்னாவ. என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாவ."

தணிகாசலம் பக்கென்று சிரித்துவிட்டார். "மாஸ்டரு? கைய புட்ச்சிக்கினு? இன்னா வாஸு, ரீல் வுட்ற?"

"அடிச்சாத்தான் நெசமாலே?" என்று வாஸ் கேட்டான். கேள்வியே அபத்தம்.

வீட்டுக்கு வந்து மேபலிடம் சொன்னேன். "வாஸ் அண்ணன் எதுக்குங்க பொய் சொல்லணும்?" என்றாள். சாப்பாட்டுத் தட்டு மேசையிலிருந்து விழுந்தது. கொஞ்சம் தள்ளி, சமையலறைக் கதவுப் பக்கம். எங்கள் வீட்டில் எல்லாமே எவர்சில்வர்தான். கல்யாணத்துக்கு வந்த பீங்கான் செட் முதல் வருஷத்தோடு சரி.

நவம்பர் 18, செவ்வாய்

வாஸ் இன்று ஹெல்மெட் இல்லாமல் வந்து உட்கார்ந்தான். பி நேச்சுரல். நெற்றியில் இறங்கியது. ரத்தம் புருவத்தில் வழிய, நோட்டை விடவில்லை. மறுபடி இறங்கியது. மூச்சு முடியும்வரை பிடித்துவிட்டுத்தான் டிராம்போனைக் கீழே வைத்தான்.

"மாஸ்டர், நான்தான் வாஸு" என்றான் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து. "ரிக்‌ஷால சொன்னீயள, ஞாபகம் இல்லையா?"

மாஸ்டர் அவனைத் தாண்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறுப்பு அப்படி.

நாலு தையல். ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். இதையும் எழுதி வைக்கிறேன், பிற்பாடு யாராவது என்னைக் குறை சொன்னால் காட்டுவதற்கு.

நவம்பர் 20, வியாழன்

வாஸ் வீட்டுக்கு வந்தான். இரண்டு பேரும் டீ குடித்தோம். கச்சேரியில் என்ன வாசிப்பாய் என்றேன். எழுதியிருப்பதை என்றான். உனக்குத் திமிர் என்றேன். உனக்குப் பயம் என்றான். எனக்கு என்ன பயம்?

"அவரு ஒன்னய ஒரு தடவகூட கையப் புடிச்சுப் பேசலேங்கிற பயம்" என்றான்.

மேபல் கோப்பைகளை அவசரமாக எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம். அவளுக்கு அது ஒரு பழக்கம். நான் ஒன்றும் செய்யவில்லை. எழுந்து நின்றேன், அவ்வளவுதான்.

நவம்பர் 22, சனி

ரிகர்சலில் சிறு அசம்பாவிதம். வாஸுக்கு வாயில் லேசான காயம். ரிகர்சல் பாதியில் நின்றது. வரும் வழியில் அரிசியும் கொசுவர்த்தியும் வாங்கினேன். மழை விட்டிருக்கிறது.

அதே நாள், மாலை

மேலே எழுதியதில் 'லேசான' என்பதை எடுத்துவிடலாம்.

நவம்பர் 23, ஞாயிறு

மேபல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாள்.

"முன்பல்லு மூணு. மேலுதடு ரெண்டா கிழிஞ்சு கெடக்கு. இனிமே ஊத முடியாதாம்ங்க."

"டாக்டர் சொன்னாரா, அவன் சொன்னானா?"

"அவர் எப்படிங்க சொல்வாரு?"

டிராம்போன் வாசிப்பது உதட்டிலும் முன்பல்லிலும்தான் இருக்கிறது. இரண்டும் போனால் அது வெறும் பித்தளைக் குழாய். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. சர்ச், கல்யாணம், எப்போதாவது ரெக்கார்டிங். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல.

நடந்தது என்னவென்று நானே சொல்லிவிடுகிறேன். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அவன் அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். நிறுத்து என்றேன். நிறுத்தவில்லை. மாஸ்டரின் தடி விழுந்துகொண்டே இருந்தது. அந்த மனிதரை இந்த வயதில் இப்படிச் சிரமப்படுத்தலாமா? வாயிலிருந்து எடுடா என்று டிராம்போனின் முன்பக்கத்தை லேசாகத் தள்ளினேன். எடுப்பதற்குப் பதிலாக அது உள்ளே போய்விட்டது.

தணிகாசலம் போனில் வேறு மாதிரி சொல்கிறார். "சார், நானும் லாக்கப்புல நெறைய பாத்துக்கிறேன். ரெண்டு கையாலயும் புட்ச்சி இட்ச்சீங்களே சார். மூணு தபா. மவுத்பீஸு உள்ள பூந்து நின்னுட்ச்சி. நீங்க அப்பவும் இட்ச்சிக்கினே இருந்தீங்க. நாங்க நாலு பேரு சேந்துதான் இஸ்த்தோம்."

போலீஸ்காரர்கள் எதையும் பெரிதாக்கித்தான் எழுதுவார்கள். அவர்கள் தொழில் அது. ஆனால் ஒன்று. கேஸ் வேண்டாம் என்று வாஸ் கையைக் காட்டிவிட்டானாம். தணிகாசலத்தின் குரலில் இதுவரை இல்லாத ஒரு மரியாதை இருந்தது. "மாஸ்டரு கை அப்படியே வந்துக்குது சார் உங்களுக்கு" என்றார்.

மறைப்பானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நவம்பர் 24, திங்கள்

போலீஸ் பேண்டிலிருந்து ஒரு டிராம்போன்காரரைத் தணிகாசலம் அழைத்து வந்தார். சொன்னதை வாசிக்கிறவர். பி ஃப்ளாட். மாஸ்டர் அவரை அடிக்கவில்லை. ஆனால் நாற்காலியை நாங்கள் இப்போது கொஞ்சம் தள்ளியே போடுகிறோம், ஹாலில் ரத்தம் கழுவ ஆள் கிடைப்பதில்லை என்று பங்குத்தந்தை கோபித்துக்கொண்டார்.

மேபல் மூன்று வேளையும் சமைக்கிறாள். பேசுவதில்லை. கஞ்சி வைத்து ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். என் தூக்கு அது.

நவம்பர் 26, புதன்

பத்திக்கு நகைச்சுவையாக எதுவும் தோன்றவில்லை. கொசு பற்றி எழுதி அனுப்பினேன்.

நவம்பர் 29, சனி

நடந்துவிட்டது. உப்பளம் மேடையேறிவிட்டது.

அரங்கு நிரம்பி வழிந்தது. கோடம்பாக்கத்துப் பழைய ஆட்கள் எல்லாம் பற்களைப் பொருத்திக்கொண்டு வந்திருந்தார்கள். மாஸ்டரை முதல் வரிசை நடுவில் வைத்திருந்தோம். கோட்டு, கழுத்தில் போ டை, மடியில் தடி. மேடைக்குப் பின்னால் பெரிய எழுத்துகளில் அவர் பெயர். எத்தனை நூறு படங்களில் வராத பெயர்!

முதல் பகுதியில் தணிகாசலம் பல் போன இடத்தைத் தாண்டும்போது நான் மூச்சைப் பிடித்தேன். சி ஷார்ப் கத்தி மாதிரி இறங்கியது. இரண்டாம் பகுதியில் என் காதுமடல் தானாகச் சூடானது. வாசித்த எல்லோருமே அந்தந்த இடம் வரும்போது உடம்பைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். கூட்டம் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று நினைத்துக் கைதட்டியது.

மூன்றாம் பகுதி. நாங்கள் அடங்கினோம். டிராம்போன் தனியாக எழுந்தது. பி ஃப்ளாட். தேன். அரங்கே பெருமூச்சு விட்டது.

அப்போது கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து நின்றதைப் பார்த்தேன். முகத்தில் பாதி கட்டு. பக்கத்தில் மேபல், தூக்கோடு. அந்த நோட் முடியும்வரைகூட நிற்கவில்லை. திரும்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும். தோற்றுப்போனவர்களுக்கு இனிப்பு பிடிக்காது.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தலைமை விருந்தினராக வந்த ஓய்வு பெற்ற அதிகாரி மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தக் குனிந்தார். முழங்கால் சில்லில் அடித்தார் மாஸ்டர். அதிகாரி உட்கார்ந்தவர்தான், நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது. பொன்னாடையில் சரிகை போலி என்று கண்டுபிடித்திருப்பார்.

நவம்பர் 30, ஞாயிறு

பத்திரிகையில் பாதிப் பக்கம். 'காலத்தால் சிதைந்த ஒரு மேதையின் படைப்பு, அவர் நினைத்த வடிவிலேயே, ஒரு ஸ்வரமும் பிசகாமல் மீட்கப்பட்டிருக்கிறது.' மீட்டவர் என்று என் பெயர். படமும் இருக்கிறது, சாக்ஸபோன் என் தொப்பையை மறைக்கும் கோணத்தில்.

மேபல் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். எப்போது வருவாள் என்று எழுதி வைக்கவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

ஒரு பதிப்பகத்தார் உப்பளத்தை அச்சிட ஆசைப்படுகிறார்கள். என் சிவப்புப் பேனாத் திருத்தங்களோடு, அதுதான் இனி எல்லாக் காலத்துக்கும் சரியான உப்பளம். மாஸ்டரின் கைநாட்டு வேண்டும் என்றார்கள். காலையிலேயே அவர் வீட்டுக்குப் போனேன்.

மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தடியை நர்ஸம்மா எட்டாத இடத்தில் வைத்திருந்தார். எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் இடக்கையை என் கையில் எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. தடுக்கவில்லை. கை வறண்டு, லேசாக இருந்தது. பத்திரிகையை விரித்து, முழுதையும் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். 'ஒரு ஸ்வரமும் பிசகாமல்' என்ற இடத்தை இரண்டு தடவை.

சமையலறையில் இம்மாகுலேட் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"எதுக்குண்ணே இப்படித் தொண்ட கிழியக் கத்துறீய?"

"மாஸ்டருக்குக் கேக்கட்டும்னுதான்மா."

குழாயை மூடும் சத்தம் கேட்டது. ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வாசற்படிக்கு வந்து நின்றாள்.

"ஒங்களுக்குத் தெரியாதாண்ணே? நிமோனியாவுக்குப் போட்ட ஊசில அப்பாவுக்கு ரெண்டு காதும் போச்சு. ஆகஸ்ட்டுலயே."